முதலில் டூர்னிகெட், பிறகு லென்ஸ்

கேள்வி: வயது 27. நான்கு வருடமாகச் செய்திப் படங்கள் எடுக்கிறேன். சேமிப்பை எடுத்துக்கொண்டு, எந்தப் பத்திரிகையும் அனுப்பாமல், போர் நடக்கும் இடத்துக்கு நானே போவதாக முடிவு செய்துவிட்டேன். படம் நன்றாக இருந்தால் யாராவது வாங்கத்தானே செய்வார்கள்? எந்த லென்ஸ், எந்தக் கவச அங்கி என்று சொல்லுங்கள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. "படம் நன்றாக இல்லையென்றால் நீ போதுமான அளவு நெருங்கவில்லை" என்ற போர்ப் புகைப்படக்காரர் ராபர்ட் காபாவின் வாக்குதான் எனக்கு வேதம்.
- பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, உங்கள் வேதத்தின் கடைசிப் பக்கத்தையும் படித்துவிடுங்கள். 1954 மே 25 அன்று வியட்நாமில், முன்னேறும் வீரர்களைப் படமெடுக்க நடந்துபோன காபா கண்ணிவெடியில் கால் வைத்தார். வயது 40. அது அவர் பார்த்த ஐந்தாவது போர்.

நான் களத்துக்குப் போனவன் அல்ல. அங்கிருந்து வரும் படங்களை மேசையில் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தவன். அதனால் 'வாங்கத்தானே செய்வார்கள்' என்ற கேள்விக்கு மட்டும் உறுதியாகப் பதில் சொல்ல முடியும்: வாங்காமலும் போகலாம். தங்கள் நிருபரையே அனுப்பத் துணியாத இடத்துக்குச் சுயேச்சையாகப் போய் எடுத்துவரும் படங்களை ஏற்க மாட்டோம் என்று ஏஎஃப்பி செய்தி நிறுவனம் 2014இல் வெளிப்படையாகவே அறிவித்தது. கல்நெஞ்சம் என்று தோன்றும். வாங்கினால் அடுத்த பையனும் கிளம்பிவிடுவான் என்ற பயம்தான் காரணம். கையில் எழுத்துபூர்வமான பணி உத்தரவு இல்லாவிட்டால் அடிபட்டால் உங்களை வெளியே கொண்டுவர யாருக்கும் பொறுப்பில்லை. சாதாரணப் பயணக் காப்பீட்டில் போர் பெரும்பாலும் விலக்கு. அதற்கெனத் தனிக் காப்பீடு எடுக்க வேண்டும்.

லென்ஸைப் பற்றிக் கேட்டீர்கள், இரத்தத்தைப் பற்றிக் கேட்கவில்லையே. 2011 ஏப்ரல் 20 அன்று லிபியாவின் மிஸ்ராட்டாவில் நடந்த தாக்குதலில் புகைப்படக்காரர்கள் டிம் ஹெதரிங்டனும் கிறிஸ் ஹோண்ட்ரோஸும் இறந்தார்கள். ஹெதரிங்டன் மருத்துவமனைக்குப் போகும் வழியில் இரத்தம் வடிந்தே இறந்தார். சுற்றியிருந்தவர்களுக்கு இரத்தத்தை நிறுத்தத் தெரிந்திருந்தால் என்ற கேள்வி அவருடைய நண்பர் செபாஸ்டியன் யங்கரை விடவில்லை. சுயேச்சைப் பத்திரிகையாளர்களுக்குக் களமுதலுதவி கற்றுத்தர ஒரு பயிற்சி அமைப்பையே தொடங்கினார். டூர்னிகெட் என்ற இறுக்குப் பட்டை இரண்டு வாங்குங்கள். பைக்குள் அல்ல, எந்தக் கைக்கும் எட்டும்படி அங்கியின் வெளிப்புறம் மாட்டுங்கள். இருட்டில், ஒரே கையால், உங்கள் தொடையிலேயே கட்டிப் பழகுங்கள். சரியாகக் கட்டினால் வலி உயிர்போகும். வலிக்கிறதே என்று தளர்த்திவிடக் கூடாது. கட்டிய நேரத்தை எழுதிவைக்க வேண்டும். ஒரு காணொளி பார்த்து வருகிற பழக்கமில்லை இது, நேரடியாக ஒருவரிடம் கற்க வேண்டும். போர்க்களம் போன்ற ஆபத்தான இடங்களில் வேலை செய்யக் கற்றுத்தரும் பகைச் சூழல் பயிற்சி வகுப்புக்குச் செலவு அதிகம்தான். சுயேச்சையாளர்களுக்கு ரோரி பெக் அறக்கட்டளை உதவித்தொகை தருகிறது, விண்ணப்பியுங்கள்.

அங்கி விஷயம் சுருக்கமாக: மென்மையான கவசம் வெடிச் சிதறலையும் கைத்துப்பாக்கிக் குண்டையும் தாங்கும். ரைபிள் குண்டுக்கு உள்ளே தகடு வேண்டும். 'பிரஸ்' என்று எழுதிக்கொள்வதா என்பதை அங்கே போய்த்தான் முடிவு செய்ய முடியும். பத்திரிகையாளரைப் போரில் ஈடுபடாத பொதுமக்களில் ஒருவராகவே நடத்த வேண்டும் என்று ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டுக் கூடுதல் நெறிமுறை சொல்கிறது. ஆனால் சில போர்களில் அந்த எழுத்தே சுடுவதற்கான குறியாகிவிடுகிறது.

உங்களோடு வண்டியில் வரப்போகும் உள்ளூர் ஃபிக்சரை, அதாவது வழிகாட்டி, மொழிபெயர்த்து, ஏற்பாடுகள் செய்துதருபவரைப் பற்றியும் யோசியுங்கள். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், அவர் அந்தத் தெருவிலேயே இருப்பார். அவருக்கும் தலைக்கவசம், காப்பீடு. 'வேண்டாம், திரும்புவோம்' என்று அவர் சொன்னால் பேச்சில்லாமல் திரும்ப வேண்டும். போனில் அவர் பெயரும், படங்களில் இருப்பிடத் தகவலும் இருக்கக் கூடாது.

வீட்டில் சொல்லவில்லை என்றீர்கள். கிளம்புமுன் ஒரு தாள் நிரப்ப வேண்டும்: இரத்த வகை, தினமும் எத்தனை மணிக்குப் பேசுவீர்கள், பேசாவிட்டால் எத்தனை மணி நேரம் கழித்து யார் யாரைக் கூப்பிடுவது. கடத்தப்பட்டால் உயிரோடு இருப்பது நீங்கள்தானா என்று சோதிக்க, உங்களுக்கும் வீட்டில் ஒருவருக்கும் மட்டுமே விடை தெரிந்த இரண்டு கேள்விகளும் அதில் வேண்டும். அந்த ஒருவரிடம் சொல்லாமல் தாளை எப்படி நிரப்புவீர்கள்?

லென்ஸ்: ஒரு கேமராவில் 35 மி.மீ., இன்னொன்றில் 70-200. புழுதியில் கழற்றி மாட்டாதீர்கள்.