மார்க் இல்லாத பரீட்சை

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்து, ஆளையும் மனசையும் கேள்வித்தாள் வைத்து அளப்பது பற்றியே இருக்கின்றன. அதனால் மற்றக் கேள்விகள் எல்லாம் அடுத்த இதழுக்கு, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அக்கா, என் மகள் ஒன்பதாம் வகுப்பு. பத்தாம் வகுப்புக்குப் பாடம் தேர்ந்தெடுக்க வேண்டும். பள்ளியில் வைத்த ஆர்வத் தேர்வில் 'கலை, சமூகம்' என்று வந்திருக்கிறது. இனி கணக்கு எதற்கு, அன்றாடக் கணக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கும் மேத்ஸ் லிட்டரசி போதும் என்கிறாள். அவள் அப்பாவோ அந்தத் தாளைப் பார்த்ததிலிருந்து யாரிடமும் பேசுவதில்லை. (சாட்ஸ்வர்த் வாசகி)

கணக்கை விடவேண்டாம். காரணம் அப்புறம் சொல்கிறேன், முதலில் அந்தத் தாள் என்ன என்று பார்ப்போம். ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959இல் வேலைகளை ஆறு வகையாகப் பிரித்தார்: கைவேலை, ஆராய்ச்சி, கலை, சமூகம், தொழில் நடத்துவது, ஒழுங்காகக் கணக்கு வழக்கு பார்ப்பது. ஆர்வத் தேர்வுகளில் பல இந்த ஆறிலிருந்து கிளைத்தவை. இது பிடிக்குமா, அது பிடிக்குமா என்று வரிசையாகக் கேட்கும், எந்த வகையில் டிக் அதிகமோ அதைச் சொல்லும். அவ்வளவுதான். பிடிக்குமா என்று கேட்கிறதே தவிர, வருமா என்று அது கேட்கவே இல்லை. வருமா என்று பார்ப்பது திறன் தேர்வு, அது வேறு சமாச்சாரம்.

தவிர, பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எதெல்லாம் பிடிக்கும் என்று அதற்கே எப்படித் தெரியும்? பார்த்த வேலைக்குத்தான் டிக் போடும். ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றும்போது உங்கள் மகள் வந்து நிற்பாள் இல்லையா? ஐந்நூறு பேருக்கு எத்தனை கிலோ மாவு, எத்தனை தேங்காய், போன வருஷம் எவ்வளவு மிஞ்சியது என்று பெரியவர்கள் சண்டை போடும்போது அவள் எங்கே நிற்கிறாள் என்று கவனித்துப் பாருங்கள். மூலையில் உட்கார்ந்து போனில் கணக்குப் போட்டு முடித்திருந்தால், 'தொழில் நடத்துவது' கட்டத்தில் அவள் ஒரு டிக்கும் போடாததற்கு அர்த்தம் இல்லை. தான் செய்வதற்கு அப்படி ஒரு பெயர் இருக்கிறது என்றே அவளுக்குத் தெரிந்திருக்காது.

இப்போது கணக்கு. பத்தாவதில் மேத்ஸ் எடுத்துவிட்டு, முடியாவிட்டால் லிட்டரசிக்கு இறங்கலாம். லிட்டரசியிலிருந்து மேலே ஏறுவது நடைமுறையில் ரொம்பக் கஷ்டம். பொறியியல், மருத்துவம், பட்டயக் கணக்காளர் படிப்புக் கதவுகளெல்லாம் லிட்டரசிக்குத் திறக்காது. ஒரு டிக்குக்காக மூடுகிற கதவா அது? சந்தேகம் இருந்தால் திறன் தேர்வு எடுங்கள். ஆனால் எடுப்பவர் ஹெச்.பி.சி.எஸ்.ஏ. என்ற தென்னாப்பிரிக்கச் சுகாதாரத் தொழில் மன்றத்தில் பதிவு செய்த உளவியலாளரா, இத்தகைய தேர்வு வைக்கப் பயின்ற சைக்கோமெட்ரிஸ்டா என்று பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம், காசு நம்முடையது. அப்பாவிடம் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள், கலை என்பது நோய் இல்லை.

அக்கா, அடுத்த வாரம் ஒரு கம்பெனியில் வேலைக்கு 'சைக்கோமெட்ரிக்' என்ற உளவியல் தேர்வு வைக்கிறார்கள். ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றிக் கேட்பார்களாம். நல்லவனாகத் தெரிவதற்கு எப்படி டிக் போட வேண்டும்? (ஃபீனிக்ஸ் தம்பி)

தம்பி, உன்னை மாதிரி யோசிக்கிறவர்களுக்காகவே அதில் பொறி வைத்திருக்கிறார்கள். 1943இல் வெளிவந்த எம்.எம்.பி.ஐ. என்ற அமெரிக்க ஆளுமைத் தேர்விலேயே பொய் அளவுகோல் என்று ஒன்று உண்டு. எனக்குக் கோபமே வந்ததில்லை, யாரைப் பற்றியும் புறம் பேசியதில்லை என்கிற ரகத்தில் வரிசையாக 'ஆமாம்' போட்டுக்கொண்டே போனால், நீ மகான் என்று அது நினைக்காது, மற்றப் பதில்களையும் நம்பாது. சுற்றிச் சுற்றிக் கேட்பதும் முன்னுக்குப் பின் ஒத்துப்போகிறதா என்று பார்க்கத்தான். உள்ளதைப் போடு. கூட்டம் பிடிக்காத ஆளை விற்பனைக்கு எடுத்தால் ஆறு மாதத்தில் நீயே ஓடி வந்துவிடுவாய்.

ஆனால் உன் பக்கமும் ஒரு சட்டம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு போ. 1998ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, அளப்பதைச் சரியாக அளக்கிறது என்று அறிவியல்படி காட்டப்பட்ட, எல்லோருக்கும் நியாயமாக வைக்கக்கூடிய, எந்தப் பிரிவினருக்கும் எதிராகச் சாயாத தேர்வைத் தவிர வேறு உளவியல் தேர்வை வேலையில் வைக்கக் கூடாது என்கிறது. இது சும்மா வந்ததல்ல. 1946இல் இங்கே தொடங்கிய தேசிய ஆள்தேர்வு ஆராய்ச்சி நிறுவனத்தில் சைமன் பீஷூவல் தலைமையில் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களைப் பிரிக்க ஒரு தேர்வுத் தொகுப்பு செய்தார்கள். வருகிறவர்களுக்குப் பொது மொழி கிடையாது, அதனால் ஊமைப்படம் ஓட்டிக் காட்டி, இப்படிச் செய் என்று விளக்கினார்கள். கெட்டிக்காரத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் கறுப்புத் தொழிலாளிக்கு அதற்கு மேல் உயர முடியாதபடி ஒரு கூரை வைத்திருந்தார்கள், அந்தக் கூரையைத் தேர்வு அளக்கவில்லை.

எனக்கே ஒரு கதை உண்டு. சின்ன வயதில் பள்ளியில் ஒரு தாளைக் கொடுத்து, படத்தில் என்ன விட்டுப்போயிருக்கிறது சொல் என்றார்கள். ஒரு வீடு, கூரை, ஜன்னல், கதவு எல்லாம் இருக்கிறது. நான் வாசலில் செருப்பு இல்லை என்று எழுதினேன். சரியான விடை புகைபோக்கி. டர்பன் வெயிலில் புகைபோக்கி வைத்த வீட்டை நான் எங்கே கண்டேன்? ஒரு மார்க் போச்சு. அந்தச் செருப்பை இன்னும் மறக்கவில்லை.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. இங்கேயே ஆய்வாளர்கள் அப்போதிருந்த பதினொரு ஆட்சி மொழிகளிலும் 1,200 பேருக்கு மேல் நேரில் கண்டு, உங்களுக்குத் தெரிந்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று கேட்டு, அந்தப் பதில்களிலிருந்து தென்னாப்பிரிக்க ஆளுமைத் தேர்வு ஒன்றைக் கட்டினார்கள். மற்றவர்களோடு எப்படி நடந்துகொள்கிறார், உதவுகிறாரா, மரியாதை தெரிந்தவரா என்பது மேல்நாட்டுத் தேர்வுகளில் இருப்பதைவிட அதில் பெரிய இடம் பிடித்துக்கொண்டது. பதினொன்றில் நம் தமிழ் கிடையாது. வளர்க்க வேண்டிய, மதிக்க வேண்டிய மொழிகள் என்ற பட்டியலில் அரசியல் சட்டம் பெயர் போட்டிருக்கிறது, அதுவரை சந்தோஷம். நீ போய் முடிவைத் தெரிந்துகொள்ளலாமா என்று பணிவாகக் கேள். கேட்டால் குறைந்துவிட மாட்டாய்.

மை ஊற்றிய படத்தைக் காட்டி ஆளைக் கண்டுபிடிப்பார்களாமே, உண்மையா? (வெருலம் வாசகர்)

ரோர்ஷாக் என்ற சுவிஸ் மருத்துவர் 1921இல் வெளியிட்டது, பத்து அட்டைகள். அதை இன்னும் நம்புகிறவர்களும் உண்டு, கேலி செய்கிறவர்களும் உண்டு. எனக்கு எல்லா அட்டையிலும் வௌவால்தான் தெரிகிறது.

மாப்பிள்ளை வீட்டார் ஜாதகத்தோடு என் 'பதினாறு வகை'யில் எது என்றும் கேட்கிறார்கள். போனில் போட்டுப் பார்த்தேன், அப்படியே என்னைச் சொல்லியது. பொய்யாக இருக்குமா? (டொங்காட் தங்கை)

1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற பேராசிரியர் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குறிப்பு என்று கொடுத்து, எவ்வளவு சரி என்று ஐந்துக்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. கொடுத்ததெல்லாம் ஒரே குறிப்பு, ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்துக் கோர்த்த வரிகள். வெளியே தைரியம், உள்ளே கவலை என்ற மாதிரி. யாருக்குத்தான் பொருந்தாது?

பதினாறு வகை என்பது, ஆட்களைப் பதினாறாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் நாலு எழுத்துப் பெயர் வைக்கிற தேர்வு, சுவிஸ் உளவியலாளர் யுங் எழுதியதை வைத்து கேத்தரின் பிரிக்ஸும் மகள் இசபெல் மையர்ஸும் கட்டியது. மறுபடி எழுதினால் எழுத்து மாறிவிடுகிறவர்கள் நிறையப் பேர். நீயே ஒருநாள் தூங்கி எழுந்து காலையிலும், ஒருநாள் வேலை முடிந்து ட்ராஃபிக்கில் மாட்டி வந்த சாயங்காலத்திலும் போட்டுப் பார். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்: பையன் கோபம் வந்தால் என்ன செய்வார் என்று அவர் தங்கையிடம் கேட்டுச் சொல்லுங்கள், அப்புறம் என் எழுத்தைச் சொல்கிறேன் என்று.

அக்கா, அப்பா போனதிலிருந்து அம்மா (74) சரியில்லை. கிளினிக்கில் ஒன்பது கேள்வி கேட்டார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் குறைவு, நான் பக்கத்தில் இருந்து தமிழில் சொன்னேன். மார்க் 4 வந்தது, பயமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி)

உங்கள் மனசு சொல்வதைக் கேளுங்கள் அம்மா.

அது மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் பி.ஹெச்.க்யூ.-9 என்று நினைக்கிறேன். கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம், பசி, களைப்பு, எதிலும் நாட்டமின்மை என்று ஒன்பது விஷயம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மேற்கொண்டு பார்ப்பார்கள். நல்ல தேர்வு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது பதிலைத்தான் அளக்கும். பதில் சொன்னது யார் முன்னால்? பெற்ற மகள் முன்னால். இதில் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா, தன்னைத் தானே ஏதாவது செய்துகொள்ள நினைத்தீர்களா என்பது. அதை நீங்கள் எப்படி மொழிபெயர்த்தீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள், அரைகுறையாகச் சொல்லித் தாண்டியிருப்பீர்கள். நானாக இருந்தாலும் தாண்டியிருப்பேன். அம்மாவும் "அதெல்லாம் இல்லை, எல்லாம் முருகன் பார்த்துக்கொள்வார்" என்றிருப்பார்கள்.

நான் ஒருமுறை இப்படி ஒரு பாட்டியோடு உட்கார்ந்திருந்தேன். மனச்சோர்வு என்ற வார்த்தையே அவர் காதில் ஏறவில்லை. நெஞ்சு பாரமாக இருக்கிறது, ஓயாமல் யோசனை என்றார். பசி எப்படி என்று கேட்டதற்கு, "யாருக்கு ஆக்குறது?" என்றார். அந்த ஒரு வரிக்கு எத்தனை மார்க் போடுவது, சொல்லுங்கள். பிறகு பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, மூன்று மாதமாகச் சாமிக்கு விளக்கே ஏற்றவில்லையாம், தாத்தா இருக்கும்போது ஒரு நாள் தவறாதவர்.

மறுபடி போங்கள், இந்தத் தடவை நீங்கள் வெளியே உட்காருங்கள். தமிழ் தெரிந்த நர்ஸோ, வீட்டோடு சம்பந்தமில்லாத மூன்றாம் மனிதர் யாராவதோ கேட்கட்டும். இரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள், தைராய்டு குறைந்தாலும் பி12 குறைந்தாலும் வயதானவர்கள் இப்படித்தான் சுருண்டுவிடுவார்கள். ஒன்பதாவது கேள்விக்கு 'இல்லை' தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், அது சின்ன மார்க்காக இருந்தாலும், அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ராத்திரியில் பயமாக இருந்தால் மனச்சோர்வு, பதற்ற நோய்க் குழுவின் 0800 567 567 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள், நீங்களே பேசலாம்.

வீட்டில் விளக்கு எரிகிறதா என்று இன்று சாயங்காலம் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள், பத்திரிகைக்கு வேண்டாம், எனக்கு.