ஓரியன் நெபுலாவின் தொலைவு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பென்னாகரம் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். விண்மீன்கள் பிறக்கும் இடங்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் பதினோராம் வகுப்பில் வாசித்தோம். விண்மீன்கள் பிறக்கும் வாயு, தூசு முகிலான ஓரியன் நெபுலா 1265 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது, கூடக்குறைய 16 ஒளியாண்டு, என்று அதில் இருந்தது. எங்கள் நூலகத்தில் உள்ள ஒரு பழைய நூலில் 1500-க்கு மேல் என்றும், இன்னொன்றில் 1350 என்றும் இருக்கிறது. ஒரு மாணவி எழுந்து, "மூன்று புத்தகத்தில் மூன்று எண் இருக்கிறதென்றால் யாருக்குமே தெரியாது என்றுதானே டீச்சர் பொருள்? அப்படியானால் நம் மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்புக்கு நாலாயிரத்து இருநூறு வயது என்று சொல்வதும் இப்படித்தானா?" என்று கேட்டாள். என்னால் முழுமையாக விடை சொல்ல முடியவில்லை. தேர்வில் எந்த எண்ணை எழுதச் சொல்வது என்பதையும் சேர்த்து எழுதுவீர்களா?

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை, பென்னாகரம்

அன்புள்ள ஆசிரியைக்கு,

வணக்கம். தேர்வைப் பற்றிய கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். "ஏறத்தாழ 1300 ஒளியாண்டு" என்று எழுதினால் போதும். 1265 என்றோ 1350 என்றோ எழுதுகிறவர்களுக்கும் தயங்காமல் மதிப்பெண் கொடுங்கள். ஆனால் அந்த மாணவியின் கேள்வி தேர்வைவிடப் பெரியது. அதற்கு உரிய மதிப்போடு விடை சொல்ல வேண்டும்.

அந்த மூன்று எண்களும் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். 1500-க்கு மேல் என்பதன் வேர் 1981-இல் ரைன்ஹார்ட் கென்சலும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வில் இருக்கிறது. பிற்காலத்தில், 2020-இல், வேறொரு பணிக்காக நோபல் பரிசு பெற்றவர் இவர். ஓரியன் முகிலுக்குள்ளிருந்து வெளியே பாய்ந்துவரும் வாயுவில், நீர் மூலக்கூறுகள் ரேடியோ அலையில் மிகப் பிரகாசமாக ஒளிரும் சிறு சிறு புள்ளிகள் உண்டு. இவற்றை மேசர்கள் என்பார்கள். அந்தப் புள்ளிகள் வானில் பக்கவாட்டில் எவ்வளவு கோணம் நகர்கின்றன என்பதையும், நம்மை நோக்கியும் நம்மை விட்டு விலகியும் எவ்வளவு வேகத்தில் செல்கின்றன என்பதையும் ஒப்பிட்டு அவர்கள் தொலைவைக் கணக்கிட்டார்கள். கிடைத்த விடை 480 பார்செக், கூடக்குறைய 80 பார்செக். ஒரு பார்செக் என்பது 3.26 ஒளியாண்டு. ஆகவே அந்த ஆய்வு சொன்னது, தொலைவு ஏறத்தாழ 1300 முதல் 1800 ஒளியாண்டு வரையிலான எல்லைக்குள் இருக்கக்கூடும் என்பதுதான். ஆய்வுக்கட்டுரையில் 480-க்குப் பக்கத்திலேயே 80-உம் அச்சாகியிருந்தது. பொது நூல்கள் 480-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு 80-ஐ விட்டுவிட்டன. உங்கள் மாணவிக்கு வந்த குழப்பத்தில் பெரும்பங்கு இந்த இடத்தில்தான் உண்டானது. 1350 என்ற பின்னாள் விடை 1981-ஆம் ஆண்டு எல்லைக்குள் அடங்குகிறது; இரண்டுக்கும் முரண்பாடே இல்லை.

அந்த 1350, கார்ல் மென்டனும் குழுவினரும் 2007-இல் வெளியிட்ட 414 பார்செக் என்ற அளவீடு. கூடக்குறைய 7 பார்செக்தான். பிழை எல்லை எண்பதிலிருந்து ஏழுக்குக் குறைந்ததற்குக் காரணம், அவர்கள் வாயுவின் ஓட்டத்தைப் பற்றி எதையும் ஊகிக்காமல் இடமாறு தோற்றத்தை நேரடியாக அளந்ததுதான். கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம் வழியாகத் தருமபுரிக்குப் பேருந்தில் வரும்போது, சாலையோர மாமரங்கள் விர்ரென்று பின்னால் ஓடுவதையும், தொலைவில் உள்ள மலை நம்மோடு கூடவே வருவதுபோல் நிற்பதையும் உங்கள் மாணவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். பூமி சூரியனைச் சுற்றும்போது நாம் ஆறு மாதத்தில் ஏறத்தாழ 30 கோடி கிலோமீட்டர் இடம் மாறுகிறோம். அப்போது அருகில் உள்ள விண்மீன் மிகத் தொலைவில் உள்ளவற்றின் பின்னணியில் சிறிதளவு நகர்வதாகத் தோன்றும். அந்தக் கோணம் தெரிந்தால் தொலைவு தெரிந்துவிடும். இடையில் வேறு கோட்பாடு எதுவும் தேவையில்லை.

தேவைப்படுவது நுட்பம். ஒரு பாகையை 3600-ஆகப் பிரித்தால் ஒரு விகலை. ஓரியன் நெபுலாவின் இடமாறு தோற்றக் கோணம் ஏறத்தாழ 2.4 மில்லிவிகலை, அதாவது ஒரு விகலையில் நானூறில் ஒரு பங்கு. ஜவ்வாது மலையில் காவலூரில் உள்ள 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி உங்கள் ஊரிலிருந்து போய்வரக்கூடிய தொலைவில்தான் இருக்கிறது. அதைப் போன்ற, தரையில் நிற்கும் நல்ல தொலைநோக்கியிலும் காற்றின் சலனத்தால் ஒரு விண்மீனின் உருவம் விகலைக் கணக்கில் பரந்து தெரிகிறது. அதற்குள் நானூறில் ஒரு பங்கு நகர்வைத் தேடுவது எளிதான காரியமில்லை. மேலும் விண்மீன்கள் பிறக்கும் இடம் என்றாலே தூசு மண்டிய இடம். புதிதாகப் பிறந்தவற்றில் பல, கண்ணுக்குத் தெரியும் ஒளியை வெளியே விடாத முகிலுக்குள் புதைந்து கிடக்கின்றன.

ரேடியோ அலை அந்தத் தூசைக் கடந்து வந்துவிடுகிறது. இளம் விண்மீன்களின் காந்தப்புலம் சூரியனுடையதைவிடப் பல மடங்கு வலிமையானது என்பதால், அதில் சிக்கிச் சுழலும் எலக்ட்ரான்கள் ரேடியோ அலையை உமிழ்கின்றன. அந்த உமிழ்வு விண்மீனை ஒட்டிய மிகச் சிறிய பகுதியிலிருந்து வருவதால் அதன் இடத்தைத் துல்லியமாகக் குறிக்க முடிகிறது. ஹவாய்த் தீவிலிருந்து கரீபியன் கடலின் செயின்ட் குரோய் தீவு வரை பரவி நிற்கும் 25 மீட்டர் விட்டமுள்ள பத்து ரேடியோ தொலைநோக்கிகளை அமெரிக்கர்கள் ஒன்றாக இயக்குகிறார்கள். 8000 கிலோமீட்டருக்கும் மேல் அகலமான ஒரே கருவியைப்போல அவை வேலை செய்கின்றன. விண்மீனின் இடத்தை, அதற்கு அருகே வானில் தெரியும் ஒரு குவாசரை, அதாவது மிகத் தொலைவில் உள்ள ஒரு விண்மீன் மண்டலத்தின் ஒளிமிக்க மையத்தை, வைத்து அளக்கிறார்கள். குவாசர்கள் பல கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருப்பதால், பூமியின் ஓட்டத்துக்கு அவை அசைவதே இல்லை.

மூன்றாவது எண், என் கட்டுரையில் நான் குறிப்பிட்டது, மரினா கௌன்கெலும் குழுவினரும் அதே தொலைநோக்கித் தொகுப்பைக் கொண்டு 2017-இல் வெளியிட்ட 388 பார்செக், கூடக்குறைய 5. இங்கே உங்கள் மாணவி கூர்ந்து பார்த்தால் இன்னொரு கேள்வி கேட்பாள், கேட்கவும் வேண்டும். மென்டன் குழுவின் அளவீட்டின் எல்லை 407 முதல் 421 வரை. கௌன்கெல் குழுவினுடையதன் எல்லை 383 முதல் 393 வரை. இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை. பிழை எல்லைகள் ஒன்றையொன்று தொடாதபோது, இரண்டில் ஒன்றிலாவது கணக்கில் வராத ஏதோ ஒன்று இருக்கக்கூடும் என்று ஐயுற வேண்டும். அது எதுவாக இருக்கலாம் என்பதற்குக் கௌன்கெல் குழுவின் ஆய்விலேயே ஒரு தடயம் இருக்கிறது. ஓரியன் பகுதி முழுவதிலும் அவர்கள் கண்ட 36 இளம் விண்மீன்களில் பாதிக்குக் குறையாதவை தனி விண்மீன்கள் அல்ல. இணையோடு சேர்ந்து ஒன்றையொன்று சுற்றிவருபவை. அப்படியானால் வானில் நாம் காணும் அசைவில் பூமியின் ஓட்டத்தால் வந்தது ஒரு பகுதி, விண்மீன் தன் இணையைச் சுற்றுவதால் வந்தது ஒரு பகுதி, அது விண்வெளியில் தன் போக்கில் செல்வதால் வந்தது ஒரு பகுதி. இந்த மூன்றையும் பிரித்தெடுக்க நீண்ட காலப் பார்வை தேவை. 2013 டிசம்பரில் ஏவப்பட்ட ஐரோப்பியர்களின் கையா விண்கலம், தூசு மறைக்காத விண்மீன்களை வைத்துத் தந்த அளவீடுகள் 400 பார்செக்கை ஒட்டியே அமைந்தன. ஏறத்தாழ 1300 ஒளியாண்டு என்று நான் தொடக்கத்தில் சொன்னதற்கு அதுவே அடிப்படை.

இருபது முப்பது பார்செக்குக்கு ஏன் இத்தனை பாடு என்று வகுப்பில் யாராவது கேட்டால், அந்த விண்மீன்களைப் பற்றிச் சொல்லப்படும் அனைத்தும் இந்த ஓர் எண்ணின் மேல்தான் நிற்கின்றன என்று சொல்லுங்கள். ஒரு விண்மீன் உண்மையில் எவ்வளவு ஒளிர்கிறது என்பது தொலைவின் இருமடியைப் பொறுத்தது. 480 பார்செக்கை 388 ஆக்கினால் ஒவ்வொரு விண்மீனின் ஒளிர்திறனும் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடுகிறது. பிறந்த விண்மீன் தன் ஈர்ப்பால் சுருங்கச் சுருங்க மங்கிக்கொண்டு வருவதால், மங்கலானது என்றால் வயது கூடியது என்று பொருள். அந்தக் கணக்கில் ஓரியன் நெபுலாவில் உள்ள விண்மீன் கொத்தின் வயது ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். அங்கே கோள்கள் உருவாக எத்தனை ஆண்டுகள் கிடைத்தன என்பதும் அதனோடு சேர்ந்து மாறுகிறது.

இதுவரை சொன்னதிலிருந்து, பிழை எல்லையைச் சேர்த்து எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மாணவர்கள் நினைத்துவிடக் கூடாது. அதற்கு நல்ல எடுத்துக்காட்டு செர்பன்ஸ் என்ற விண்மீன் பிறப்பிடம். நெடுங்காலம் அது 260 பார்செக் அளவில் இருப்பதாகக் கொள்ளப்பட்டது. தூசு முகிலுக்குப் பின்னால் உள்ள விண்மீன்களின் ஒளி மங்கிச் சிவக்கும், முன்னால் உள்ளவற்றின் ஒளி அப்படியே இருக்கும் என்பதை வைத்து, மங்கல் எந்தத் தொலைவில் தொடங்குகிறது என்று பார்த்துக் கண்ட விடை அது. முறையில் குறையில்லை. ஆனால் 2010-இல், அந்தப் பகுதிக்குள் இருக்கும் ஓர் இளம் விண்மீனின் இடமாறு தோற்றத்தை அளந்தபோது தொலைவு 415 பார்செக் என்று வந்தது. 2017-இல் மேலும் சில விண்மீன்களைச் சேர்த்து அளந்தபோது 436 ஆனது. முன்பு அளக்கப்பட்டது, நம் பார்வைக்கோட்டில் முன்னால் தொங்கிக்கொண்டிருந்த வேறொரு தூசுத் திரையின் தொலைவு. விண்மீன்கள் பிறக்கும் முகில் அதற்கு வெகு பின்னால் இருந்தது. தொலைவு இப்படி மாறியதும் அந்த விண்மீன்களின் ஒளிர்திறன் இரண்டரை மடங்குக்கும் மேலாக உயர்ந்துவிட்டது. எத்தனை முறை அளந்தாலும் எத்தனை நுட்பமாக அளந்தாலும் இந்த வகைப் பிழை குறையாது. எதை அளக்கிறோம் என்ற கேள்வியை மறுபடி எழுப்பினால்தான் அது வெளிப்படும்.

மயிலாடும்பாறைக்கு இப்போது வரலாம். அங்கே அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் பொது ஆண்டுக்கு முன் 2172 என்று 2022 மே மாதம் அறிவிக்கப்பட்டபோது எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எல்லோருக்கும் ஏற்பட்ட பெருமிதம் எனக்கும் உண்டு. அந்த 2172 ஒரு கால எல்லையின் நடுமதிப்பு என்பதையும் அதே பெருமிதத்தோடு சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். இரும்போடு கிடைத்த கரித்துண்டில் எஞ்சியிருக்கும் கார்பன்-14 அணுக்களை வைத்து வயதைக் கணிக்கும் கார்பன்-14 முறையில் ஆய்வகம் ஒற்றை ஆண்டைத் தருவதில்லை. இன்ன ஆண்டிலிருந்து இன்ன ஆண்டு வரை, இத்தனை விழுக்காடு வாய்ப்போடு, என்றுதான் தருகிறது. வில்லார்ட் லிபி இந்த முறையை உருவாக்கிய காலத்தில் கார்பன்-14-இன் அரை ஆயுள் 5568 ஆண்டுகள் என்று கொண்டார்கள். பின்னர் அது 5730 என்று தெரிய வந்தது. அதற்காகப் பழைய காலக்கணிப்புகளை யாரும் தூக்கி எறியவில்லை. மரங்களின் ஆண்டு வளையங்களோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டார்கள். செர்பன்ஸில் பார்த்த இரண்டாவது வகைப் பிழைக்கும் இங்கே இடம் உண்டு. கரித்துண்டின் வயது என்பது அந்த மரப்பகுதி வளர்ந்து முடிந்த காலத்தின் வயது. முதிர்ந்த மரத்தின் வயிரப்பகுதி, அடுப்புக்கோ உலைக்கோ போவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே காற்றிலிருந்து கார்பனை எடுப்பதை நிறுத்தியிருக்கும். அந்தக் கரியும் அந்த இரும்பும் ஒரே மண்ணடுக்கில் ஒரே காலத்தில் சேர்ந்தவைதாமா என்பதை அகழாய்வாளரின் கண்ணும் பதிவேடும்தான் சொல்ல முடியும். இவற்றையெல்லாம் கேட்பதால் மயிலாடும்பாறையின் தொன்மை குறைந்துவிடாது. கேட்டுத் தெளிந்த பிறகு நிற்கிற எண்ணை யாரும் எளிதில் அசைக்க முடியாது என்பதால், இந்தக் கேள்விகளை நாமே முதலில் கேட்பது நல்லது.

உங்கள் மாணவிக்கு என் விடை இதுதான்: மூன்று எண்கள் இருப்பதால் யாருக்கும் தெரியாது என்று ஆகாது, ஒவ்வொன்றும் எவ்வளவு தெரியும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. அதைப் பாதியில் வெட்டிவிட்டு அச்சிடும்போதுதான் எண்கள் ஒன்றோடொன்று சண்டையிடுவதுபோல் தோன்றுகின்றன.

முடிந்தால் வகுப்பிலேயே ஒன்று செய்து பாருங்கள். விளையாட்டுத் திடலில் முப்பது மீட்டர் இடைவெளியில் இரண்டு முளை அடித்து, தொலைவில் உள்ள ஒரு பனைமரத்தை இரண்டு முனையிலிருந்தும் கோணமானியால் குறிபார்த்து, மரத்தின் தொலைவை ஐந்தாறு குழுக்கள் தனித்தனியே கணக்கிடட்டும். விடைகள் வேறுபடும், எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைக் கரும்பலகையில் எழுதி, அதுவே அவர்களுடைய பிழை எல்லை என்று காட்டுங்கள். அதன் பிறகு, முளைகளுக்கு இடைப்பட்ட தூரத்தை எல்லாக் குழுவும் ஒரே நாடாவால் அளந்தார்கள் என்பதை நினைவூட்டி, வேறொரு நாடாவைக் கொண்டுவந்து ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். முதல் நாடா நைந்து நீண்டிருந்தால் எல்லாக் குழுக்களின் விடையும் ஒரே திசையில் தவறியிருக்கும்; அவை தமக்குள் எவ்வளவு ஒத்துப்போனாலும் அந்தத் தவறு அவற்றில் தெரிந்திருக்காது. கிடைக்கும் அளவுகளை எனக்கு எழுதி அனுப்பினால், அடுத்த முறை அவற்றை வைத்தே பேசலாம்.

அன்புடன்,
கிருஷ்ணகிரியிலிருந்து