தாத்தாவின் மனக்கணக்கும் பேத்தியின் சமன்பாடும்

வணக்கம்.

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு எங்கள் ஊர். சமன்பாட்டை எழுதிக் கொடுத்தால் மளமளவென்று போட்டுவிடுகிறாள். அதையே நாலு வரி வாக்கியக் கணக்காகக் கொடுத்தால் பேனாவை மூடி வைத்துவிடுகிறாள். தக்காளி மண்டிக்குப் போய்வரும் என் மாமனாரோ தாளே இல்லாமல் விடை சொல்கிறார். "தாத்தாவுக்கு எக்ஸ் தேவைப்படலையே, எனக்கு மட்டும் எதுக்கு?" என்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. டியூஷனில் 'அதிகம் என்றால் கூட்டு, குறைவு என்றால் கழி' என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். அதை மனப்பாடம் செய்ய வைத்தால் போதுமா?

ஒரு வாசகி, பாலக்கோடு

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. தாத்தாவின் கணக்கை வைத்தே பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஒரு விவசாயி மண்டிக்கு 40 கிரேடு (தக்காளிப் பெட்டி) தக்காளி கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் ரகம் கிரேடு 350 ரூபாய்க்குப் போகிறது, இரண்டாம் ரகம் 200 ரூபாய்க்கு. மொத்தம் 11,600 ரூபாய் வந்தது. முதல் ரகம் எத்தனை கிரேடு?

உங்கள் மாமனார் அநேகமாக இப்படிப் போவார்: "நாப்பதும் ரெண்டாம் ரகம்னு வச்சுக்கோ, எட்டாயிரம். வந்திருக்கறது பதினோராயிரத்து அறுநூறு. மூவாயிரத்து அறுநூறு கூட இருக்கு. முதல் ரகம்னா கிரேடுக்கு நூத்தைம்பது கூட. அப்ப இருபத்துநாலு."

இப்போது மகளின் வழி. எக்ஸுக்குப் பதில் இங்கே 'யா' என்று எழுதுகிறேன். 12ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் பாஸ்கரர் தெரியாத எண்ணை அப்படித்தான் குறித்தார். இரண்டாவதாக ஒரு தெரியாத எண் வந்தால் 'கா', மூன்றாவதற்கு 'நீ' என்று நிறப்பெயர்களின் முதல் எழுத்தை எடுத்துக்கொண்டார். முதல் ரகக் கிரேடுகளின் எண்ணிக்கை யா என்றால்,

350 யா + 200 (40 − யா) = 11,600
150 யா + 8,000 = 11,600
150 யா = 3,600
யா = 24

இரண்டாம் வரியைப் பாருங்கள். தாத்தா சொன்ன எட்டாயிரம் அங்கே இருக்கிறது, நூற்றைம்பதும் இருக்கிறது. அடுத்த வரியில் அவருடைய மூவாயிரத்து அறுநூறு. அவரும் இதே சமன்பாட்டைத்தான் போட்டார், இரண்டாம் வரியிலிருந்து ஆரம்பித்தார், அவ்வளவுதான். 'எல்லாம் இரண்டாம் ரகம் என்று வைத்துக்கொள்' என்ற யோசனை பல வருட மண்டிப் பழக்கத்தில் வந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது எப்படித் தோன்றும்? முதல் வரிக்கு அந்த மாதிரி யோசனை எதுவும் வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும். மீதியைச் சமன்பாடு பார்த்துக்கொள்ளும். அதற்காகத்தான் எக்ஸ்.

சரி, அந்த முதல் வரியை எழுதுவது எப்படி? உங்கள் மகள் நிற்கும் இடம் அதுதான். பேனாவைத் தொடுவதற்கு முன் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தக் கணக்கில் எது இரண்டு விதமாகச் சொல்லப்பட்டிருக்கிறது? இங்கே அது பணம். 11,600 என்று நேராகச் சொல்லியாயிற்று. விலையும் எண்ணிக்கையுமாக இன்னொரு விதத்திலும் சொல்லியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் சமக்குறி போட்டால் சமன்பாடு. சில கணக்குகளில் அது வயதாக இருக்கும், சிலவற்றில் தூரம். அதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதிக்கு மேல் முடிந்தது.

அடுத்தது, எக்ஸ் என்றால் என்ன என்பதை ஒரு முழு வாக்கியமாக எழுத வையுங்கள். 'எக்ஸ் = தக்காளி' என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தக்காளி ஓர் எண் இல்லை. 'முதல் ரகக் கிரேடுகளின் எண்ணிக்கை' என்று இருக்க வேண்டும். இதை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. 1980 வாக்கில் அமெரிக்காவில் பொறியியல் மாணவர்களிடம் ஒரு கேள்வி கொடுத்துப் பார்த்தார்கள்: ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல 6 மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள், இதைச் சமன்பாடாக எழுதுக. மூன்றில் ஒருவருக்கு மேல் தவறினார்கள். தவறியவர்களில் பெரும்பாலோர் 6 மா = பே என்று தலைகீழாக எழுதினார்கள். 'மா' என்ற எழுத்தை மாணவர் எண்ணிக்கையாகப் பார்க்காமல் மாணவராகவே பார்த்தால் அப்படித்தான் வரும். மாணவர்கள் 60, பேராசிரியர்கள் 10 என்று போட்டுப் பார்த்தால் 360 = 10 என்று நிற்கும்; பிழை உடனே தெரிந்துவிடும்.

அந்த டியூஷன் பட்டியலைத் தயவுசெய்து தூக்கிப் போடுங்கள். 'அக்காவிடம் 20 மாங்காய் இருக்கிறது. அது தங்கையிடம் இருப்பதைவிட 5 அதிகம். தங்கையிடம் எத்தனை?' அதிகம் என்றால் கூட்டு என்று படித்த பிள்ளை 25 என்று எழுதிவிடும். விடை 15. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வாக்கியத்தை விட்டுவிடப் பழக்குகிறது அந்தப் பட்டியல். எனக்கு அதன் மேல் உண்மையிலேயே கோபம் வருகிறது, ஏனென்றால் சின்னக் கணக்குகளில் அது பலித்துவிடும், பிள்ளைகளும் நம்பிவிடுவார்கள்.

அப்புறம், மனக்கணக்கு சறுக்கும் இடம் ஒன்றையும் அவளுக்குக் காட்டுங்கள். விற்ற தொகையில் கமிஷன் 10 சதவீதம், வண்டி வாடகை 600 ரூபாய் போக ஒருவர் கைக்கு 8,400 வந்தது. விற்றது எவ்வளவுக்கு? வாடகையைச் சேர்த்து 9,000, அதில் 10 சதவீதம் 900, ஆக 9,900 என்று பெரியவர்களே சொல்லிவிடுவார்கள். விற்ற தொகை யா என்று வைத்தால் கமிஷன் அதில் பத்தில் ஒன்று. மிச்சம் பத்தில் ஒன்பது பங்கு, அதுதான் 9,000. யா = 10,000.

விடை வந்ததும் அதைச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால் மட்டும் போதாது. சமன்பாடே தப்பாக இருந்தால் அது சரியென்றுதான் சொல்லும். கேள்விக்கே திரும்பப் போகச் சொல்லுங்கள். 10,000இல் கமிஷன் 1,000 போய், வாடகை 600 போனால் 8,400. 9,900 என்றால் கமிஷன் 990, வாடகை 600 போக 8,310தான் கைக்கு வரும், 90 ரூபாய் இடிக்கும்.

அன்புடன்.