அத்தைக்கு ஒரு மரம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆண்ட்டி, எனக்கு வயது 31. மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறேன். விடியற்காலை 5.30க்கு பஸ் வரும். 12 மணி நேர ஷிப்ட் முடிந்து வீடு திரும்ப இரவு 8 ஆகிவிடும். இரண்டு பிள்ளைகள். "இயேசுவே இருட்டோடு எழுந்து ஜெபித்தார், உங்களுக்கு ஏன் முடியாது?" என்று சபையில் கேட்கிறார்கள். பைபிளைத் திறந்தால் தூங்கிவிடுகிறேன். சில ஞாயிறுகளிலும் வேலை. அலுப்பில் பிள்ளைகளிடம் கத்துகிறேன். என்னைப் பக்தியுள்ளவள் என்று எப்படிச் சொல்லிக்கொள்வது?

பதில்: மகளே, உன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். பைபிளை மடியில் வைத்தபடி தூங்கிப்போவது பாவமில்லை. அதை முதலில் மனதிலிருந்து இறக்கி வை.

அவர்கள் சொல்லும் வசனம் மாற்கு முதல் அதிகாரத்தில் இருக்கிறது. அதற்குச் சற்று மேலேயும் வாசித்துப் பார். முந்தின நாள் சூரியன் அஸ்தமித்த பிறகும் நோயாளிகளைக் கொண்டுவந்தார்கள், ஊரே வாசலில் நின்றது. அத்தனை வேலைக்குப் பிறகுதான் அவர் தனிமை தேடிப் போனார். உன்னை விரட்ட எழுதிய வசனமாக அது எனக்குத் தெரியவில்லை. இன்னொன்றும் உண்டு. ஊழியம் தொடங்கியபோது அவருக்கு ஏறக்குறைய 30 வயது என்கிறார் லூக்கா. அதுவரை ஊர்க்காரர்களுக்கு அவர் தச்சன். மரமும் உளியுமாகப் போன அத்தனை வருடங்களும் பிதாவை விட்டுத் தள்ளிப் போன வருடங்களா?

நானும் உளி பிடித்தவள்தான். 17 வயதில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனேன். 4 மணிக்கு எழுந்தால்தான் 5.30 பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்க முடியும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் இருட்டிலேயே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்குவோம். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வேதம் வாசிக்கத் தெரிந்த பெண்கள் குறைவு. என் அம்மாவுக்கும் எழுத்து தெரியாது. உபதேசியார் மாதத்துக்கு ஒரு தடவை வருவார், அவர் சொல்லிக் கொடுத்ததை அம்மா மனப்பாடம் செய்துகொள்வார்.

ஆனால் அம்மாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு மரத்துக்கு ஓர் ஆள். முதல் நிரையில் வீட்டுக்காரர்கள், அடுத்ததில் லயத்துக்காரர்கள். பட்டையைச் சீவி, பால் மங்கு என்கிற கிண்ணத்தில் சொட்டத் தொடங்கும்வரை அந்த ஆளின் பெயரைச் சொல்லி ஆண்டவரிடம் பேசுவார். அப்புறம் அடுத்த மரம். மூன்றாவது நிரைக் கடைசியில், பழைய வெட்டுக்காயம் ஆறி முண்டும் முடிச்சுமாக ஒரு மரம் நின்றது. அதை என் அத்தைக்கு என்று வைத்திருந்தார். அத்தை எங்கள் அம்மாவின் சங்கிலியை வாங்கி அடகு வைத்துவிட்டு, திருப்பித் தரவே இல்லை. முண்டுப் பட்டையில் உளி வழுக்கும். கோபத்தோடு இழுத்தால் காயம் இன்னும் ஆழமாகிவிடும், நிதானமாகத்தான் வெட்ட வேண்டும். அம்மா அந்த மரத்தடியில்தான் அதிக நேரம் நின்றார். சங்கிலி கடைசிவரை வரவில்லை. ஆனால் அத்தை படுக்கையில் விழுந்தபோது தினமும் கஞ்சி கொண்டுபோனது அம்மாதான்.

உனக்கு மரம் இல்லை, பஸ் இருக்கிறது. உன் பக்கத்து இருக்கைக்காரியில் ஆரம்பி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவளின் பெயரைச் சொல்லு. பெயர் தெரியாவிட்டால் நாளைக்குக் கேட்டுக்கொள். அதுவும் நல்லதுதான். விடிந்து வரும்போது ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்புக்கல் மலைகள் தெரியுமே, அப்போது 121ஆம் சங்கீதத்தைச் சொல்லு. "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக" என்று தொடங்கும். எட்டே வசனம், ஒரு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடும். மனப்பாடமாக இருப்பதைச் சொல்ல விளக்கு வேண்டாம், கண்ணாடி வேண்டாம்.

மெதடிஸ்ட் சபையைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாயார் சூசன்னாவைப் பற்றிச் சபையில் கேள்விப்பட்டிருப்பாய். 19 பிள்ளைகளைப் பெற்றவர், பலரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தவர். அந்த நெரிசலில் தனியறை எங்கே? இடுப்பில் கட்டிய ஏப்ரனைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு ஜெபிப்பாராம். அம்மா அப்படி இருந்தால் தொந்தரவு செய்யக் கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெரியுமாம். எனக்கு அதைவிடப் பிடித்தது வேறு. ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாகப் பேச வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கினார். ஜானுக்கு வியாழக்கிழமை. நீயும் உன் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு நாள் கொடு, பத்து நிமிடம் போதும்.

பிள்ளைகளிடம் கத்துவதை மட்டும் லேசாக விட்டுவிடாதே. நானும் கத்தியிருக்கிறேன். ஒருநாள் என் மகன் பால் வாளியைத் தட்டிவிட்டான் என்று எல்லார் முன்னாலும் அறைந்துவிட்டேன். இரவில் ஜெபிக்க உட்கார்ந்தால் வாய் வரவில்லை. அவனை எழுப்பி, "அம்மா செய்தது தப்பு, மன்னிச்சிடு" என்று கேட்ட பிறகுதான் வந்தது. ஆறு வயதுப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதும் ஆராதனைதான். வீட்டுக்காரரைப் பற்றி நீ எழுதவே இல்லை. இரவில் பாத்திரத்தை அவர் கழுவட்டும். அந்த நேரத்தில் நீ பிள்ளைகளோடு உட்கார். இதை அவரிடம் நேராகச் சொல்லு.

ஞாயிறு வேலை விழுகிற வாரத்தில் யாராவது ஒருவர் வீட்டில் நடக்கும் ஜெபக்கூட்டத்துக்குப் போ. ஒன்றுமே இல்லாமல் விட்டுவிடாதே. பஸ்ஸில் ஜெபிக்கிறேனே, சபை எதற்கு என்று மனம் மெல்லச் சொல்லத் தொடங்கும். அதை நம்பாதே.

கேள்வி: பக்கத்து வீட்டு இந்துக் குடும்பம் தீபாவளிப் பலகாரம் கொடுக்கிறது. சாப்பிடலாமா?

பதில்: சாப்பிடுங்கள். விருந்துக்கு அழைத்தால், வைக்கிறதை மனச்சாட்சியினிமித்தம் ஒன்றும் விசாரியாமல் புசிக்கச் சொன்னவர் பவுல். சாமிக்குப் படைத்தது என்று அவர்களே சொன்னால் மட்டும் பணிவாக மறுத்துவிடுங்கள், அதையும் அவர்தான் அங்கே சொல்கிறார். முறுக்கும் அதிரசமும் அன்போடு வருபவை. கிறிஸ்துமஸுக்கு அந்தத் தட்டு வெறும் தட்டாகத் திரும்பிப் போகக் கூடாது.

கேள்வி: அக்கா, செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் மண்டோராக (மேற்பார்வையாளராக) இருக்கிறேன். வங்காளதேசத் தொழிலாளர்கள் பொறுக்கும் உதிரிப்பழத்தைச் சாக்கில் நிறுத்துக் கணக்கு எழுதுவது என் வேலை. குப்பை, மண் என்று சொல்லிச் சாக்குக்கு 3 கிலோ கழிக்கச் சொல்கிறார் காண்ட்ராக்டர். பழம் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஞாயிறன்று நான் காணிக்கைத் தட்டு எடுக்கிறவன். எனக்கும் மூன்று பிள்ளைகள். பேசாமல் இருந்தால் பாவமா?

பதில்: ஆமாம் தம்பி, பாவம்தான். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்று நீதிமொழிகளில் எழுதியிருக்கிறது. வயலை அறுத்தவர்களின் பிடிக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதுகிறார். இதைக் கேட்டுவிட்டு ஞாயிறன்று தட்டு எடுப்பது உங்களுக்கே கனக்கும். இந்தக் கேள்வியை நீங்கள் எழுதி அனுப்பியதே அதனால்தான் என்று நினைக்கிறேன். நம் தாத்தா பாட்டிமாரும் இப்படித்தான் பால் நிறுக்கும் ஸ்டோர் வாசலில், பாஷை தெரியாமல், எழுதியதை நம்பி நின்றார்கள். இன்றைக்கு அந்த இடத்தில் வேறு பிள்ளைகள் நிற்கிறார்கள். பென்சில் உங்கள் கையில் இருக்கிறது.

பால் வெட்டிய காலத்தில் நானும் தராசில் பொய் செய்திருக்கிறேன். ஒருநாள் மழை பெய்து மங்குகளில் தண்ணீர் நின்றது. அதைக் கவிழ்க்காமல் பாலோடு சேர்த்தே வாளியில் ஊற்றிக் கொண்டுபோனேன். அம்மா பார்த்துவிட்டார். நிறுக்கும் முன்னே கணக்கு எழுதும் கிராணியிடம் போய்ச் சொல்ல வைத்தார். அந்த வாளிக்குக் கூலி கிடைக்கவில்லை, அந்த வாரம் அரிசி கடன் வாங்கினோம். அதனால் உங்கள் மூன்று பிள்ளைகளின் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை.

முதலில் காண்ட்ராக்டரிடம் தனியாகப் பேசுங்கள், ஆள்கள் முன்னால் வேண்டாம். "மண் இருந்தால் கழிக்கிறேன், இல்லாவிட்டால் என் கையால் எழுத முடியாது" என்று அமைதியாகச் சொல்லுங்கள். தேதி, ஆள், சாக்கு எண்ணிக்கை, உண்மையான எடை எல்லாவற்றையும் உங்களுக்கென்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவர் கேட்கவில்லை என்றால் தொழிலாளர் இலாகா இருக்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அங்கே புகார் கொடுக்கலாம், அதை அவர்களுக்குச் சொல்லுங்கள். உங்கள் வேலைக்கு ஆபத்து வரலாம், இல்லை என்று சொல்ல மாட்டேன். போதகரிடமும் மூப்பர்களிடமும் இப்போதே விஷயத்தைச் சொல்லி வையுங்கள். ஒருவேளை வேலை போனால் இரண்டு மாதம் உங்கள் வீட்டு அடுப்பு எரியச் செய்வது சபையின் பொறுப்பு. இந்தப் பத்தியை வாசிக்கும் சபையார் யாரானாலும் அதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

நாளைக்குக் காலையில் சாக்கைத் தராசில் ஏற்றும்போது, பொறுக்கின ஆளைக் கிட்ட வந்து முள்ளைப் பார்க்கச் சொல்லுங்கள்.