நகாஷிமா கையெழுத்து போட்ட லெட்டர் 45,000 ரூபாய்க்கு வருது, வாங்கலாமா?

கேள்வி: சார், ஊரு கடலூர் மஞ்சக்குப்பம், ஆர்க்கிடெக்சர் படிக்கிறேன். பாண்டியில ஒரு பழைய சாமான் கடையில ஜப்பான் வம்சாவளி அமெரிக்க ஆர்க்கிடெக்ட் ஜார்ஜ் நகாஷிமா கையெழுத்தோட டைப் அடிச்ச லெட்டர் ஒண்ணு பாத்தேன், மேல "பாண்டிச்சேரி, மார்ச் 1943"னு இருக்கு, அரவிந்தர் ஆசிரமத்துல தங்குறவங்களுக்காகக் கட்டின கோல்கோண்டே கட்டடத்தைப் பத்தி எழுதிருக்கு. 45,000 சொல்றாங்க, 2,000 அட்வான்ஸ் குடுத்துட்டேன். மீதியைக் கட்டி வாங்கிடலாமா?

பதில்: வேணாம் தம்பி. கையெழுத்து வரைக்கும் போகவே தேவையில்ல, மேல இருக்குற தேதியும் ஊரும் ஒத்துவரல. நகாஷிமா, அந்தக் கட்டடத்தை டிசைன் பண்ண ஆர்க்கிடெக்ட் அன்டோனின் ரேமண்டோட ஆபீஸ் ஆளா 1937ல பாண்டிக்கு வந்து சைட்லயே இருந்து வேலையைப் பாத்தாரு, ஆனா 1939லயே இங்கேருந்து கிளம்பிட்டாரு. 1942ல அமெரிக்காவுல ஜப்பான் வம்சாவளிக்காரங்களைப் புடிச்சு அடைச்சப்ப அவரையும் குடும்பத்தோட ஐடஹோவுல மினிடோகா முகாம்ல வச்சாங்க, 1943ல ரேமண்ட் தலையிட்டு வெளிய கொண்டுவந்தப்புறம் பென்சில்வேனியாவுக்குப் போனாரு, அப்ப அந்த மார்ச்ல பாண்டியில உக்காந்து அவர் எப்படி லெட்டர் எழுதிருப்பாரு?

எந்த ஆர்க்கிடெக்ட் லெட்டரா இருந்தாலும் முதல்ல இதைத்தான் பாக்கணும், அந்தத் தேதியில ஆளு அந்த ஊர்ல இருந்தாரா, உயிரோட இருந்தாரான்னு. லெ கொர்பூசியே 1965 ஆகஸ்ட்ல போயிட்டாரு, லூயி கான் 1974 மார்ச்ல, அதுக்கப்புறம் தேதி போட்டு வந்தா தொடவே தொடாதீங்க. அப்புறம் ஒரு லென்ஸை வச்சு கையெழுத்தைப் பாருங்க, பேனா மையின்னா கோடு ஏறி எறங்கி, மை தேங்கின எடம் தெரியும், பிரிண்ட்டுன்னா பெரும்பாலும் புள்ளி புள்ளியா இருக்கும்.

இன்னொண்ணு, 75 வருஷம் தாண்டின, வரலாற்று மதிப்பு உள்ள லெட்டர் 1972ல வந்த தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள் கணக்குல வரும், விக்கிற கடைக்கு லைசென்ஸ் வேணும், நீங்க வாங்கினாலும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கடையில லைசென்ஸ் கேட்டாலே பாதி விஷயம் வெளங்கிடும்.

அட்வான்ஸை விட்டுடாதீங்க. கடையில என்ன சொல்லி விக்கிறாங்கன்னு வாட்ஸ்அப்லயாவது எழுத்துல வாங்குங்க, லெட்டரை போட்டோ எடுத்து வச்சுக்கங்க, அட்வான்ஸ் ரசீதோட அதையும் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்க. தரலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போடுங்க, அதுலயும் ஆகலன்னா நீங்க குடியிருக்குற கடலூர்லயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போடலாம், கடை பாண்டியில இருக்குறது தடையே இல்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும்.