ஒருவருக்கு மட்டும் தெரிந்த வேலை: குவாரி, கிரவல் குழி பற்றிய வாசகர் கேள்விகள்

வன்னியில் கல்லுடைக்கிற, கிரவல் அள்ளுகிற இடங்களிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் குவாரியில் 22 பேர் வேலை செய்கிறார்கள். வெடி வைக்கிறவர் ஒருவர்தான். கிரஷர் (கல் உடைக்கும் இயந்திரம்) ஓட்டத் தெரிந்தவரும் ஒருவர்தான், அவர் அடுத்த மாதம் கட்டாருக்குப் போகிறார். ஒரு மாதத்தில் இன்னொருவரைப் பழக்க முடியுமா? (குவாரி முகாமையாளர், ஒட்டுசுட்டான்)

பதில்: கிரஷருக்கு முடியும். வெடி வேலைக்கு முடியாது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம்.

முதலில் ஒரு பெரிய தாளில் இடப்பக்கம் ஆட்களின் பெயரையும் மேலே வேலைகளையும் எழுதுங்கள். "கிரஷர்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். இயக்கத் தொடங்குவது, கல் போடும் வேகத்தைப் பார்ப்பது, கல்லை நெரிக்கும் தாடையின் இடைவெளியைச் சரிசெய்வது, பெல்ட் ஒரு பக்கம் ஓடினால் நேராக்குவது, கிரீஸ் அடிப்பது, அடைப்பு எடுப்பது என்று பிரியுங்கள். தெரியாதவருக்கு 0, பக்கத்தில் ஆள் நின்றால் செய்பவருக்கு 1, தனியே செய்பவருக்கு 2, மற்றவருக்குக் கற்றுக்கொடுக்கக் கூடியவருக்கு 3. ஒரு வேலையின் கீழே 2 அல்லது 3 ஒரே ஒருவருக்குத்தான் இருக்கிறது என்றால் உங்கள் தொழில் அந்த இடத்தில் ஒற்றைக் காலில் நிற்கிறது. காய்ச்சல் வந்தாலும் கட்டார் விசா வந்தாலும் விளைவு ஒன்றுதான்.

பழக்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஏன் என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். தொடங்கும்போது கல் கடைசியாகப் போய்ச் சேரும் பெல்ட்டை முதலில் ஓடவிட்டு, பின் சல்லடை, பின் தாடை, கடைசியாகக் கல் ஊட்டி. நிறுத்தும்போது இதற்கு நேர்மாறு: ஊட்டியை நிறுத்தி, தாடை வெறுமையாகும்வரை விட்டு, பிறகுதான் மற்றவை. இந்த ஒழுங்கு பிசகினால் நின்ற பெல்ட்டின் மேல் கல் குவியும். வாய் நிறையக் கல்லோடு தாடையைத் தொடங்கினால் வி-பெல்ட் வழுக்கும், மோட்டர் எரியும். முக்கால் அங்குலக் கல் பருத்து வருவதாக வாங்குபவர் சொன்னால் சல்லடையைக் குறை சொல்லுமுன் தாடைத் தகட்டைப் பாருங்கள். தகட்டின் கீழ்ப்பகுதிதான் முதலில் தேயும், தேய்ந்ததும் இடைவெளி அகலும். பெரும்பாலான தகடுகளைத் தலைகீழாகத் திருப்பிப் பூட்டி இன்னொரு தவணை ஓட்டலாம்.

அடைப்பு எடுப்பதில்தான் கைகால் போகிறது. பிரதான சுவிட்சை இறக்கி, அதில் பூட்டுப் போட்டு, சாவியை உள்ளே இறங்குபவரே சட்டைப்பையில் வைக்க வேண்டும். மேற்பார்வையாளரின் மேசையில் வைக்கக் கூடாது. பிறகு தொடங்கும் பொத்தானை அமத்தி, ஓடவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். மின்சாரம் நின்றாலும் பறக்கும் சில்லு என்கிற பாரமான சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும். அது முழுதாக நின்றபின் அசையாமல் தடை வைக்க வேண்டும், ஏனென்றால் இறுகிய கல் விடுபடும்போது தாடை திடீரென அசையும், கல்லும் தெறிக்கும். வாய்க்கு நேர் மேலே நின்று அலவாங்கால் குத்தும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.

போகிறவருக்கு இருக்கும் நான்கு கிழமையில் முதல் கிழமை புதியவர் பார்த்து எழுதட்டும். இரண்டாம், மூன்றாம் கிழமை புதியவர் ஓட்ட, பழையவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கட்டும். கடைசிக் கிழமை பழையவர் குவாரிக்குள்ளேயே வேறு வேலையில் இருக்கட்டும். நல்ல பெயரிங் ஓடும் சத்தத்தையும் கெடப்போகும் பெயரிங்கின் சத்தத்தையும் கைபேசியில் பதிந்து வையுங்கள், அதை எழுத்தில் விளங்கப்படுத்த முடியாது. பல வருடம் வேலை செய்தும் சான்றிதழ் இல்லாதவர்கள் நைட்டா (தேசிய பயிலுநர், கைத்தொழில் பயிற்சி அதிகார சபை) மூலம் முன்னனுபவ மதிப்பீட்டுக்குப் போய் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறலாம். சான்றிதழ் கொடுத்தால் ஆள் ஓடிவிடுவார் என்று பயந்து மறிக்க வேண்டாம். மறித்தாலும் போவார், மனக்கசப்போடு போவார்.

வெடி வேலைக்கு வருவோம். அனுமதி பெற்றவரின் இடத்தில் "எனக்கும் தெரியும்" என்கிற உதவியாளரை ஒருநாளும் நிறுத்தக் கூடாது. உதவியாளர் பாதை மறித்துக் காவல் நிற்கலாம், மேற்பார்வையின் கீழ் துளையிடலாம். பழைய துளையின் அடிக்கட்டை மிஞ்சியிருக்கும் இடத்தில் மட்டும் துளைக்கவே கூடாது, அதற்குள் வெடிக்காத மருந்து தங்கியிருக்கலாம். துளை வெடிக்காமல் நின்றால் குறைந்தது 30 நிமிடம் ஒருவரும் கிட்டப் போகக் கூடாது. அதைக் கிண்டிப் பார்ப்பதோ கெப்பின் (மருந்தை வெடிக்கத் தூண்டும் சிறு குழாய்) வயரை இழுப்பதோ மரணத்தை அழைப்பது. சித்திரை மாத இடிமழையிலும் ஐப்பசி மாத இடிமழையிலும் மின்கெப் வைத்த துளையின் அருகில் நிற்பதும் அப்படித்தான். இடி காதில் விழுந்தால் எல்லோரும் விலக வேண்டும்.

வெடி வைக்கிறவர் வராத நாள் வெடி இல்லை, அவ்வளவுதான். அதற்கு ஈடாக, ஒரு கிழமை உடைக்கப் போதுமான வெடித்த கல்லைக் கிரஷர் அருகில் எப்போதும் குவித்து வையுங்கள். அந்தக் குவியல் இருந்தால்தான் "இன்றைக்கு எப்படியாவது வெடி வை" என்று யாரையும் நெருக்கத் தேவை வராது.

கேள்வி: கிரவல் அள்ளும்போது பெக்கோ வாளியில் துருப்பிடித்த எறிகணை ஒன்று வந்தது. சாரதி இறங்கி அதைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார். ஒன்றும் ஆகவில்லை. இனி என்ன செய்ய வேண்டும்? (ஒப்பந்தகாரர், மாங்குளம்)

பதில்: ஒன்றும் ஆகாதது அதிர்ஷ்டம். அந்த எறிகணை இன்னும் ஓரத்தில் கிடக்கிறதென்றால் இந்தப் பதிலை முழுவதும் வாசிக்குமுன் பொலிஸுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள்.

துருப்பிடித்தால் செத்துவிட்டது என்ற நினைப்புத்தான் ஆளைக் கொல்கிறது. இரும்பு துருப்பிடிக்கும், உள்ளிருக்கும் மருந்து வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். அதை வெடிக்க வைக்கும் பகுதி அரித்துப்போனால் முன்னையைவிடச் சிறிய தட்டலுக்கே இயங்கக் கூடும். வாளியில் ஏதும் தெரிந்தால் வாளியை உதறவோ இறக்கவோ வேண்டாம். இருந்த நிலையிலேயே எஞ்சினை நிறுத்தி, பெக்கோ வந்த சங்கிலித்தடத்தின் மேலேயே நடந்து வெளியே வர வேண்டும். தூரத்திலிருந்து தெரியும்படி பாதையை மறித்துக் குறியிட்டு, எல்லோரையும் மண்மேட்டு மறைவுக்கு அப்பால் கொண்டு போங்கள். அழைப்பை அங்கிருந்து எடுங்கள். பழைய இரும்புக்காக வெட்டிப் பார்க்க நினைக்கும் ஆளை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பலாம், அதில் இரக்கம் வேண்டாம்.

குழி எடுக்குமுன் மாவட்டச் செயலகத்தின் ஊடாகவோ தேசிய கண்ணிவெடி நடவடிக்கை நிலையத்தின் ஊடாகவோ அந்தக் காணியின் பதிவைக் கேளுங்கள். "கண்ணிவெடி அகற்றிய காணி" என்பது எழுதப்பட்ட ஓர் ஆழம்வரைதான் பொருந்தும். கிரவல் குழி அந்த ஆழத்தைத் தாண்டிப் போகும். அகற்றல் அறிக்கையில் ஆழம் என்னவென்று பார்க்காமல் காணியைக் குத்தகைக்கு எடுக்காதீர்கள். இலங்கை 2017 இல் மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் இணைந்தது, ஹலோ, மெக், டாஷ், ஷார்ப் போன்ற அமைப்புகள் வடக்கில் அகற்றல் வேலை செய்திருக்கின்றன. ஆனாலும் மழைநீர் மண்ணை அரித்து இடம் மாற்றும். உங்கள் டிப்பரும் அப்படியே ஒரு குழியின் ஆபத்தை வேறு ஊரின் வீதி அத்திவாரத்துக்குள் கொண்டு போய்க் கொட்டக் கூடும்.

போரைக் காணாத இளைஞர்களும் வேறு மாகாணங்களிலிருந்து வரும் சாரதிகளும் இந்தப் பொருட்களின் உருவத்தை அறிய மாட்டார்கள். மிதிவெடி, மோட்டார் எறிகணை, கைக்குண்டு, ஆர்பிஜி ஆகியவற்றின் படங்களைப் பெரிதாக அச்சிட்டுக் கொட்டகையில் ஒட்டி, புதியவர் வரும் நாளில் 5 நிமிடம் ஒதுக்குங்கள்.

கேள்வி: டீசல் களவு போகிறது, யாரென்று தெரியவில்லை. கமரா போடலாமா? (செட்டிகுளம்)

பதில்: போடலாம், ஆனால் கமராவுக்கு முன் கொப்பி. 20 தொன் பெக்கோ பாறை வேலையில் மணிக்கு 12 முதல் 18 லீற்றர்வரை குடிக்கும், வேலையில்லாமல் ஓடும்போது 3, 4 லீற்றர். ஊற்றும் ஒவ்வொரு முறையும் மணி மீற்றரின் எண்ணையும் லீற்றரையும் எழுதி, இரண்டு கிழமைக்கு ஒருமுறை வகுத்துப் பாருங்கள். உங்கள் இயந்திரத்தின் வழமையான எண் அதில் தெரியும். திடீரென அது ஏறினால் களவாகவும் இருக்கலாம், அடைத்த எயார் ஃபில்டராகவும் இருக்கலாம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் எஞ்சினை நிறுத்தாமல் விட்டதாகவும் இருக்கலாம். ஃபில்டரைப் பார்க்காமல் ஆளைச் சந்தேகிக்க வேண்டாம். பெரிய தாங்கியை ஒவ்வொரு மாலையும் கோல் விட்டு அளந்து, இருவர் கையெழுத்திட வேண்டும். வெடிமருந்துக்கும் இதே இருவர் முறைதான், ஆனால் இன்னும் கண்டிப்பாக: எடுத்தது, பாவித்தது, திருப்பிக் கொடுத்தது என்று ஒவ்வொரு கெப்பும் எண்ணால் ஒத்துவர வேண்டும். கெப்பும் மருந்தும் ஒரே பெட்டியில் இருக்கக் கூடாது. எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் நாளைக்குப் பார்ப்போம் என்று விடாதீர்கள், அன்றே அறிவியுங்கள்.

கேள்வி: கொவிட் கால முகக்கவசம் தூசிக்குப் போதுமா? (கிரஷர் தொழிலாளி, நெடுங்கேணி)

பதில்: போதாது. வன்னித் தொகுதிப் பாறைகளில் படிகக்கல் அதிகம். உடைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் தூசி எழும்பி நுரையீரலில் தங்கும். வரும் நோய் மாறாது, காசநோய்க்கும் வழிவிடும். என்95 தரத்தில், முகத்தோடு ஒட்டி நிற்கும் கவசம் வேண்டும், தாடி இருந்தால் ஒட்டாது. அதைவிடப் பெரிய பாதுகாப்பு தண்ணீர்: துளையிடும் இடத்திலும் தாடை வாயிலும் சல்லடையிலும் தெளிப்பான் பூட்டச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நீடித்தால் மருத்துவரிடம் "கல் கிரஷரில் வேலை" என்று வாய்விட்டுச் சொல்லி எக்ஸ்ரே எடுங்கள். சொல்லாவிட்டால் அவர் சிலிக்காவை நினைக்க மாட்டார்.

கேள்வி: நாட்சம்பளக்காரருக்கு ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) இல்லை என்கிறார்கள். சரியா? (முருங்கன்)

பதில்: சரியல்ல. நாட்சம்பளமானாலும் தற்காலிகமானாலும் உரிமை உண்டு. தொழிலாளியிடம் 8 வீதம், முதலாளி 12 வீதம் சேமலாப நிதிக்கு, அதற்கு மேல் முதலாளி 3 வீதம் நம்பிக்கை நிதிக்கு. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தால் பணிக்கொடையும் உண்டு. வேலையில் காயப்பட்டால் 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் உதவும். நாள் குறித்த வரவுப் பதிவு, சம்பளத் துண்டு, வைத்தியசாலைக் குறிப்பு ஆகியவற்றின் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு தொழில் திணைக்களத்தின் கிட்டிய அலுவலகத்துக்குப் போங்கள்.

கேள்வி: எங்கள் கல்லில் முக்கால்வாசி ஒரே வீதி ஒப்பந்தகாரருக்குப் போகிறது. காசு நான்கு மாதம் பிந்துகிறது. விடவும் முடியவில்லை. (சிறு கிரஷர் உரிமையாளர், வவுனியா)

பதில்: ஒரு கணக்குப் போடுங்கள். சம்பளம், டீசல், கடன் தவணை எல்லாம் சேர்த்து நாளுக்கு 1,50,000 ரூபாய் செலவு, கையில் 30 இலட்சம் என்றால் வரவு இல்லாமல் 20 நாள்தான் ஓடலாம். 120 நாள் கடன் கொடுப்பவர் உண்மையில் வங்கி நடத்துகிறார். ஒரு ஆளுக்குக் கொடுக்கும் கடனின் உச்சத்தைக் கியூப் (100 கன அடி) கணக்கில் எழுதி, அது தாண்டினால் டிப்பர் வாசலைக் கடக்காது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நட்பு முறியாது, முன்கூட்டிச் சொல்லாமல் திடீரென நிறுத்தினால்தான் முறியும். வீடு கட்டுபவர்களுக்கும் புளொக்கல் அரிபவர்களுக்கும் சிறுசிறு லோட் கொடுப்பது தொல்லைதான், ஆனால் அவர்கள் கைக்காசு தருவார்கள்.

2022 இல் டீசல் இல்லாமல் கிரஷர்கள் நின்றதையும் ரூபாய் விழுந்து உதிரிப்பாக விலை ஏறியதையும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு சோடித் தாடைத் தகடு, ஒரு செட் வி-பெல்ட், பெல்ட் உருளைகளின் பெயரிங் கையிருப்பில் இருக்க வேண்டும். புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதி முடிந்த நாளில் வெடியும் நிற்கும், லொறி அனுமதியும் நிற்கும். அந்த அனுமதி, சுற்றாடல் அனுமதி, பிரதேச சபை உரிமம், வெடிமருந்து அனுமதி, வாகன வரி, காப்புறுதி எல்லாவற்றின் முடிவுத் திகதியையும் ஒரே கலண்டரில் எழுதிச் சுவரில் மாட்டுங்கள். உங்களைத் தவிர இன்னொருவரும் அதைப் பார்த்து நடக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: மாரியில் குழி நிறைகிறது. பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது. (முழங்காவில்)

பதில்: வேலி மட்டும் போதாது, பிள்ளைகள் வேலியைக் கடப்பார்கள். கைவிட்ட குழியில் ஓர் ஓரத்தையாவது 1 மீற்றர் இறங்க 3 மீற்றர் நீளும் சரிவாக வெட்டுங்கள், விழுந்தவர் நடந்து ஏறலாம். கரையில் மிதவையும் கயிறும் தொங்க வேண்டும். வேலை நடக்கும் குழியில் விளிம்புக்குப் பின்னால் வெடிப்புக் கண்டால் இரு பக்கமும் ஆணி அடித்து, நடு இடைவெளியைக் காலையும் மாலையும் அளந்து எழுதுங்கள். கூடினால் கீழே ஒருவரும் இறங்கக் கூடாது. டிப்பர் ஓடும் விளிம்பில் மண்வரம்பு மிகப் பெரிய டிப்பரின் சில்லில் பாதி உயரமாவது இருக்க வேண்டும், மழை கரைத்தால் மறுநாளே உயர்த்த வேண்டும்.