கேளுங்கள், சொல்கிறோம்: சூல், சினை, கரு

கேள்வி: சூல், சினை, கரு மூன்றும் ஒன்றுதானா? டாக்டர் சீட்டில் ‘சினைப்பை நீர்க்கட்டி’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து என் மகள் முகம் சுளிக்கிறாள். ஆடு மாட்டுக்குச் சொல்வதைப் பெண்களுக்கு எழுதலாமா?
(வாசகி, பாளையங்கோட்டை)

ஒன்றல்ல. இன்று வழக்கில் மூன்றுக்கும் தனித்தனி வீடு இருக்கிறது.

சினை ஆடு, மாடு, மீன், நண்டுக்கு உரியது. பழைய தமிழில் மரக்கிளைக்கும் சினை என்று பெயர். இலக்கணத்தில் கண், கை, கிளை எல்லாம் சினைப்பெயர்கள். முட்டை என்ற பொருளும் உண்டு. மீன் கடையில் “சினை இருக்கா?” என்று கேட்பது அந்தப் பொருளில்தான். சினைப்பை என்பதும் முட்டை இருக்கும் பை என்ற அளவில் உண்டான மருத்துவச் சொல். அதில் இழிவு ஏதுமில்லை, மகளிடம் சொல்லுங்கள். ஆனால் ஒரு பெண்ணைப் பார்த்து “சினையா இருக்கா” என்றால் நம் ஊரில் அது வசவு. உறுப்பின் பெயராக வரலாம், ஆளுக்குச் சொல்லக்கூடாது.

சூல் ஒரு காலத்தில் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. நீர் நிறைந்த மேகத்தைத் திருமுருகாற்றுப்படை ‘கமஞ்சூல் மாமழை’ என்கிறது. கமம் என்றால் நிறைவு. இப்போது அந்தச் சொல் வயலிலும் தாவரவியல் பாடத்திலும் தங்கிவிட்டது. பூவின் சூல் விதையாகும், சூல்பை கனியாகும். ‘நிறைசூலி’ என்று கதையில் எழுதினால் அழகாக இருக்கும். ஆஸ்பத்திரிச் சீட்டில் வராது.

கரு என்பது உள்ளே வளர்வது. மருத்துவத்தில் இன்னும் கறாராகப் பிரிக்கிறார்கள்: டாக்டர் கணக்கில் பத்து வாரம் வரை கரு, அதற்குப் பிறகு சிசு. முக்கிய உறுப்புகளுக்கு அடித்தளம் விழுவது அந்த முதல் பத்து வாரத்தில். பிறகு நடப்பது பெரும்பாலும் வளர்ச்சியும் முதிர்ச்சியும்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து மருமகன் வந்து ஆறு வாரம்தான் ஆகிறது. ஸ்கேனில் எட்டு வாரம் என்கிறார்கள். அதோடு, ஆச்சி பத்து மாதம் என்கிறாள், டாக்டர் நாற்பது வாரம் என்கிறார். எது சரி?
(வாசகர், கடையநல்லூர்)

முதலில் சந்தேகத்தை விடுங்கள். கணக்கில் தப்பில்லை. கரு தரித்த நாள் பெரும்பாலோருக்குத் தெரியாது. கடைசியாகத் தூரமான (மாதவிலக்கான) நாள் தெரியும். ஆகவே அந்த முதல் நாளிலிருந்தே எண்ணுகிறார்கள். 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு முட்டை வெளிவருவது சுமார் 14ஆம் நாள். அதனால் எட்டு வாரம் என்றால் கருவின் உண்மை வயது ஆறு வாரம். உங்கள் மருமகன் வந்த கணக்கோடு பொருந்துகிறது.

ஆச்சி சொல்கிற “முழுகாம இருக்கா” என்பதும் இதே கணக்கைத் தொட்டதுதான். தூரம் கழிந்து தலை முழுகுவது நின்றுபோனதை வைத்துச் சொல்வது அது.

பிரசவத் தேதி பார்க்க எளிய வழி: தூரமான முதல் நாளோடு 7 நாள் கூட்டி, மூன்று மாதம் பின்னால் போங்கள். ஜனவரி 10 என்றால் அக்டோபர் 17. மொத்தம் 280 நாள். அதை 28ஆல் வகுத்தால் பத்து. ஆச்சியின் பத்து மாதம் கிடைத்துவிட்டது. காலண்டர் மாதமாகப் பார்த்தால் ஒன்பது மாதமும் ஒரு வாரமும். இருவரும் சொல்வது ஒரே காலம்.

இந்தக் கணக்கு சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 35 நாளுக்கு ஒருமுறை தூரமாகிறவருக்கு முட்டை ஒரு வாரம் பிந்தித்தான் வெளிவரும். தேதியும் ஒரு வாரம் தள்ளிப்போகும். இதைத் திருத்தத்தான் 14 வாரத்துக்குள் எடுக்கிற ஸ்கேன். அதில் தலை முதல் புட்டம் வரை அளந்து வயது சொல்வார்கள். அந்த வயதுக்குக் குழந்தைகளிடையே அளவு வித்தியாசம் மிகக் குறைவு. ஏழாம் மாத ஸ்கேனில் வேறு தேதி வந்தால் அதை நம்பி முதல் தேதியை மாற்றாதீர்கள். அப்போது ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு அளவு.

இன்னொன்று. மூளையும் தண்டுவடமும் உருவாகிற நரம்புக் குழாய், கரு தரித்த 28 நாளுக்குள் மூடிவிடும். டாக்டர் கணக்கில் அது ஆறு வாரம். பலருக்கு முழுகாமல் இருப்பது அப்போதுதான் தெரியவரும். ஃபோலிக் அமில மாத்திரையை (நாளைக்கு 400 மைக்ரோகிராம்) பிள்ளைக்குத் திட்டமிடும்போதே தொடங்கச் சொல்வது இதனால்தான். சிலருக்குக் கூடுதல் அளவு தேவைப்படும். அதை டாக்டர் எழுதட்டும்.

கேள்வி: கறவை மாட்டுக்குச் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டு 25 நாளாகிறது. திரும்பக் கத்தவில்லை. சினை என்று வைத்துக்கொள்ளலாமா? ஈனும் நாளை எப்படிக் குறிப்பது?
(வாசகர், மானூர்)

பாதி நம்பலாம். பசுவின் பருவச் சுழற்சி 21 நாள். ஊசி போட்ட 18 முதல் 24 நாளுக்குள் கத்தல், கண்ணாடி போன்ற வழும்பு, மற்ற மாட்டின் மேல் தாவல் இல்லையென்றால் நல்ல குறி. ஆனால் வெயில் காலத்தில், தீனி போதாத மாட்டில், ஊமைப் பருவம் வந்து போய்விடும். ஒன்றும் தெரியாது. ஆகவே 60 நாளுக்கு மேல் கால்நடை மருத்துவர் கைவிட்டுப் பார்த்துச் சொன்னால்தான் உறுதி.

மாறாகவும் நடக்கும். சினையான மாட்டிலேயே சில நேரம் பருவக் குறி தெரியும். அவசரப்பட்டு மறுபடி ஊசி போட்டால் கரு கலைய வாய்ப்புண்டு. சோதிக்காமல் போடாதீர்கள்.

நாள் கணக்கு இங்கே எளிது. ஊசி போட்ட நாள் நமக்குத் தெரியும், அங்கிருந்து எண்ணலாம். பசுவுக்கு ஏறக்குறைய 280, எருமைக்கு 310, ஆட்டுக்கு 150. மனிதக் கணக்கைப்போல இரண்டு வாரம் முன்தள்ள வேண்டாம்.

ஊசி நேரத்தில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். காலையில் பருவம் கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலை. கத்தத் தொடங்கியதுமே ஓட்டிக்கொண்டு போனால் முட்டை வர நேரம் இருக்கும், அதற்குள் விந்தணு வீரியம் இழக்கும். ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே பாலை வற்ற விடுங்கள். கன்று வேகமாக எடை கூடுவது அப்போதுதான். அடர்தீவனம் நாளைக்கு ஒரு கிலோ கூடுதலாகக் கொடுக்கலாம். ஈன்று 12 மணி நேரத்துக்குள் நஞ்சுக்கொடி விழாவிட்டால் கல்லைக் கட்டித் தொங்கவிடுவதும் கையால் இழுப்பதும் வேண்டாம். கருப்பை கிழியும், சீழ் பிடிக்கும். டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: ‘பேறுகாலம்’ என்றால் பத்து மாதமுமா?
(வாசகி, தென்காசி)

இல்லை. பேறு என்றால் பெறுதல். பிரசவத்தை ஒட்டிய காலம் அது. முன்னுள்ள மாதங்களைக் கர்ப்ப காலம் என்று எழுதுங்கள்.

கேள்வி: பிசான நெல் பருவத்தில் பயிர் சூல் கட்டிய பிறகு யூரியா போடுகிறோம். கதிர் சிறுத்து வருகிறது, சாவியும் (மணி பிடிக்காத பதர்) அதிகம். ஏன்?
(வாசகர், சேரன்மகாதேவி)

நீங்கள் சூல் என்று சொல்வது, கண்ணாடி இலைக்கு (கதிருக்கு முன் கடைசியாக வரும் இலை) கீழே தண்டு உப்பித் தெரிவதை. அது தொண்டைக்கதிர். கதிர் அதற்கு மூன்று வாரம் போல முன்பே பிறந்துவிடுகிறது. ஒரு கதிரில் எத்தனை மணி என்பது அப்போதே முடிவாகும். மூன்றாம் தவணைத் தழைச்சத்தும் சாம்பல் சத்தும் போய்ச் சேர வேண்டியது அந்த நாளில்.

நாள் கண்டுபிடிக்க: விதைப்பிலிருந்து அறுப்பு வரை உள்ள வயதில் கடைசி 60 நாளைக் கழியுங்கள். பூப்பதற்கு முன் 30, பின் 30. அம்பை 16 போன்ற 110 நாள் ரகத்துக்கு 50ஆம் நாள். 135 நாள் ரகத்துக்கு 75ஆம் நாள். அந்த வாரத்தில் நல்ல தூர் ஒன்றைப் பிடுங்கி, அடித்தண்டை நெடுக்காகக் கீறிப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் அளவில் பஞ்சுபோல வெள்ளை நுனி தெரிந்தால் அதுதான் நேரம்.

அங்கிருந்து பூத்து முடியும் வரை வயல் காயக்கூடாது. கால்வாயில் முறைத் தண்ணீர் பிந்துமென்றால் முன்பே ஐந்து சென்டிமீட்டர் கட்டி வையுங்கள். சாவி பெரும்பாலும் இந்த வறட்சியால் வருவது. பூக்கும்போது 35 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தாலும் வரும். விட்டதைப் பிடிக்க யூரியாவை ஒரே தடவையில் அள்ளிக் கொட்டாதீர்கள். பனி விழும் மாதத்தில் அது கழுத்துக் குலைநோயை வரவழைக்கும், கதிர் வெளுத்துச் சாயும்.